மெய் கேட்கும் கூடம்

திருவண்ணாமலையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் வீடுகள் மாறியிருக்கும் விதத்தைக் கண்ணால் அளப்பவர் பலர். காதால் அளப்பவர் சிலரே. முன்பு இவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் கூரை வேய்ந்த வீடுகளும், நாட்டு ஓடு போர்த்திய வீடுகளும், நடுவே முற்றம் வைத்த வீடுகளும் மிகுதி. ஓலைக் கூரை ஒலியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஓட்டின் இடுக்குகள் அதை வெளியே விடும். முற்றமோ வானத்தை நோக்கித் திறந்த ஒரு பெரிய சாளரம். அதன் வழியே மேலேறிய சொல் திரும்பி வருவதில்லை. இன்று கான்கிரீட் கூரை, வழவழப்பான பூச்சு, கண்ணாடிபோல் மின்னும் ஓட்டுத் தரை. துடைப்பதற்கு எளிது, பார்ப்பதற்கு அழகு. ஆனால் அவ்வீட்டில் ஒருவர் பேசினால் நான்கு சுவர்களும் சேர்ந்து பேசுகின்றன.

பங்குமக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது இதை நான் அடிக்கடி உணர்வதுண்டு. புதுமனை மந்திரிப்பின்போது, பொருள்கள் வந்து சேராத வெற்றுக் கூடத்தில் செபத்தின் ஒரு வரி முடியுமுன் அடுத்த வரி அதன் வாலை மிதிக்கும். அதே கூடத்தில் சில மாதங்களுக்குப் பின் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும், ஐந்து ஒலிபெருக்கிகளும், கனத்த ஒலிக்கென ஒரு தனிப்பெட்டியும் கொண்ட ஹோம் தியேட்டர் வந்து அமர்கிறது. திரையரங்கை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று மகிழ்கிறோம். திரையரங்கின் சுவரில் துணியும் பஞ்சும் போர்த்தியிருப்பது ஏனென்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓர் அறையின் ஒலியைக் கணக்கிட முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் வாலஸ் சபீன் என்னும் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர். 1895-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர்கள் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு சபீனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்தி, அதன் முழக்கம் காதுக்கு எட்டாமல் மறையும்வரை நேரம் குறித்தார். வெற்றுக் கூடத்தில் அது ஐந்தரை வினாடி நீடித்தது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லியிருப்பார். அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்றாக அந்தரத்தில் தொங்கும். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு இரவில் சுமந்துவந்து பரப்பி அளந்து, விடியுமுன் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். பல இரவுகளின் உழைப்பில் ஓர் எளிய விதி பிறந்தது. அறையின் கன அளவு கூடக் கூட முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்புக் கூடக் கூட முழக்கம் குறையும். அந்த அறிவைக் கொண்டு எழுந்த பாஸ்டன் நகரின் சிம்பொனி மண்டபம் 1900-இல் திறக்கப்பட்டு இன்றும் உலகின் சிறந்த இசைக்கூடங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

ஒலி உறிஞ்சுதலை அளக்கச் சபீன் தேர்ந்த அளவுகோல் என்னை வியக்கவைத்தது. அது திறந்த சாளரம். திறந்த சாளரத்தின் வழியே சென்ற ஒலி திரும்பாது. ஆகவே ஒரு சதுர அடி திறந்த சாளரம் ஓர் அலகு. மற்றப் பொருள்கள் எல்லாம் அதோடு ஒப்பிடப்படும். நம் ஊரின் சராசரிக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நீளம் 16 அடி, அகலம் 12 அடி, உயரம் 10 அடி. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 944 சதுர அடி. இவை அத்தனையும் வெறுமையாக இருந்தால் 28 சதுர அடிச் சாளரம் அளவுக்கே ஒலியை உறிஞ்சும். சபீனின் விதிப்படி முழக்கம் மூன்று வினாடிக்கு மேல் நீளும். பேச்சு தெளிவாகக் கேட்க அரை வினாடியே போதும். ஐந்து பேர் வந்து அமர்ந்தால் அவர்களே ஏறத்தாழ 25 சதுர அடிக்கு ஈடாவர். மனிதர் கூடியிருக்கும் வீடு, ஆளில்லாத வீட்டைவிட நன்றாகக் கேட்கிறது என்பது வெறும் உவமையன்று, கணக்கு.

இந்தக் கணக்கு எனக்கு உண்மையில் பயன்பட்டது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் இல்லத்தில். எண்பதைத் தொட்டவர், மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகளோடு வாழ்பவர். மகன் ஆசையோடு ஹோம் தியேட்டர் வாங்கி வைத்திருந்தார். தந்தையோ மாலையானால் நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். முதலில் படம் பார்ப்பதை விட்டார். பின்னர் அதே கூடத்தில் நடக்கும் குடும்பச் செபமாலையையும் விட்டார். பேரன் வேகமாகச் சொல்லும் செபத்தின் முடிவு அவருக்குப் பிடிபடாது, பதில் பிந்தி வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதுதான் காரணமென்று எவரிடமும் அவர் சொல்லவில்லை.

“மாமாவுக்குக் காது சுத்தமாப் போயிடுச்சு சாமி. எவ்வளவு சத்தம் வச்சாலும் புரியலைன்றாரு” என்றார் மருமகள். மகனோ, கடைக்காரர் இதைவிடப் பெரிய பெட்டிகளாக மாற்றச் சொன்னதாகக் கூறினார்.

நான் வாசலில் அமர்ந்து பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தெருவின் இரைச்சலுக்கு நடுவிலும் என் பேச்சு அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. உள்ளே மட்டும் ஏன் விளங்கவில்லை என்று கேட்டேன். தமிழாசிரியர் அல்லவா, சிறிது எண்ணிவிட்டுச் சொன்னார்: “உயிர் வருகிறது சாமி, மெய் வரவில்லை.”

இதைவிடத் துல்லியமாக எந்த ஒலியியலாரும் சொல்லிவிட முடியாது. நம் இலக்கணத்தார் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தனர். உயிரெழுத்துகளில் ஒலியின் வலிமை மிகுதி; அது பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிற்கும். ச, த, ட போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெலிந்து, கணநேரத்தில் வந்து மறைபவை. முதுமையில் செவி முதலில் இழப்பது இந்த மேல்வரிசை ஒலிகளையே. இத்தோடு வெற்றுக் கூடத்தின் முழக்கமும் சேரும்போது, முந்திய உயிரின் நீண்ட வால் அடுத்த மெய்யை மூடிவிடுகிறது. ஒலியளவைக் கூட்டினால் வாலும் சேர்ந்தே நீள்கிறது. ஆகவேதான் பெரிய பெட்டி வாங்குவது தீர்வாகாது. காதுக் கருவிகூட முழக்கம் மிகுந்த அறையில் முழுப் பயன் தருவதில்லை. அது சொல்லோடு எதிர்முழக்கத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. பெரியவரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு மகனிடம் சொன்னேன். அதற்கு முன் அறைக்கும் மருத்துவம் வேண்டும் என்றேன்.

திருமுழுக்கு யோவானின் பிறப்புவிழா மறையுரையொன்றில் புனித அகுஸ்தினார் குரலையும் வாக்கையும் வேறுபடுத்திக் காட்டுவதைக் குருமடத்தில் பயின்றிருக்கிறேன். யோவான் குரல், கிறிஸ்து வாக்கு. வாக்கைச் சேர்த்துவிட்டுக் குரல் மறைந்துவிட வேண்டும். நம் கூடங்களில் குரல் மறைய மறுக்கிறது. அதனால் வாக்கு வந்து சேர்வதில்லை.

அடுத்த ஞாயிறு மாலை அந்த வீட்டில் எல்லோருமாக வேலையில் இறங்கினோம். நடு ஒலிபெருக்கி கண்ணாடிக் கதவுள்ள அலமாரியின் உட்புறத்தில் செருகப்பட்டிருந்தது. திரைப்படத்தின் உரையாடல் பெரும்பாலும் அந்த ஒன்றின் வழியாகவே வருகிறது. அதை வெளியே எடுத்து, தொலைக்காட்சிக்கு நேர் கீழே, அமர்ந்தவர் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வைத்தோம். இடவலப் பெட்டிகளைப் பார்ப்பவரின் நேர்நோக்கிலிருந்து முப்பது பாகைக் கோணத்தில் நிறுத்தினோம். பின்பெட்டிகள் இரண்டையும் பக்கவாட்டில், காதுக்குச் சற்றே பின்னால் அமைத்தோம். மூலையில் கிடந்த கனத்த ஒலிப்பெட்டியை நகர்த்தினோம். மூலைச் சுவர்கள் அதன் உறுமலைப் பெருக்குபவை. 16 அடி நீளக் கூடத்தில் 36 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி சுவர்களுக்கிடையே நிலைகொண்டு, சுவரோரம் மிகுந்தும் நடுவில் குன்றியும் ஒலிக்கும். எனவே பின்சுவரை ஒட்டிக் கிடந்த சோபாவை மூன்றடி முன்னே இழுத்தோம், நட்டநடுவிலும் போடவில்லை.

பேரனுக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்தேன். தாத்தா நாற்காலியில் அமர்ந்திருக்க, அவன் அதைப் பக்கச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்த்தினான். எந்த இடத்தில் தாத்தாவின் கண்ணுக்கு ஒலிபெருக்கி தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி முதலில் மோதித் திரும்புகிறது. ஒளியும் ஒலியும் திரும்பும் விதி ஒன்றே. அங்கே பழைய போர்வைகளைச் சேர்த்துத் தைத்த கனத்த திரையைக் கொசுவம் கொசுவமாக, சுவரிலிருந்து அரை அடி தள்ளித் தொங்கவிட்டார் மருமகள். தரையில் பவானி ஜமக்காளத்தை, அடியில் ஒரு மெத்தைவிரிப்போடு போட்டோம். பயனின்றிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைத் துணி போர்த்திப் பின்சுவரில் சாய்த்து நிறுத்தினோம்.

முட்டை அட்டைகளை ஒட்டலாமா என்று மகன் கேட்டார். அவை மெலிந்தவை, பெரும் பயன் இல்லை. தெர்மாகோலும் அவ்வாறே, ஒலி நுழைய அதில் வழியில்லை. காற்று உள்ளே சென்று இழைகளோடு உராய்ந்து களைக்க வேண்டும். பஞ்சு, தென்னைநார், தடித்த துணி ஆகியவையே அதைச் செய்யும். இவையும் கனத்த ஒலிக்கு முன் தோற்றுவிடும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஓரடிக்குச் சற்று மேல். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ பதினோரு அடிக்கு மேல். அரை அடித் திரை அதற்கு எம்மாத்திரம்? அதனால்தான் கனத்த ஒலியை இடமாற்றத்தாலும் அளவைக் குறைப்பதாலும் மட்டுமே அடக்கினோம்.

இறுதியில் பின்சுவரின் எஞ்சிய பகுதி வெறுமையாக நின்றது. புத்தக அலமாரி இருந்தால் நல்லது, ஏற்றத்தாழ்வான முதுகுகள் ஒலியைச் சிதறடிக்கும் என்றேன். மகன் ஒரு கணம் பேசாதிருந்தார். தந்தையின் நூல்கள் வீடு கட்டியபோது மூட்டையாகப் பரணுக்குப் போனவை. அவற்றை இறக்கினோம். பெரியவர் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அன்று அந்தக் கூடத்தில் நடந்த வேலைகளில் அதுவே அதிக நேரம் எடுத்தது. எவரும் அவரை விரைவுபடுத்தவில்லை.

அதன்பின் பேரன் கைதட்டிப் பார்த்தான். முன்பு சுவர்களுக்கிடையே சடசடவென்று படபடத்த ஒலி அடங்கியிருந்தது. படம் ஒன்றைப் போட்டு, நாற்பதில் இருந்த ஒலியளவை இருபத்தைந்துக்கு இறக்கினார்கள். பெரியவர் வசனம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அதிலிருந்த சந்திப்பிழையைச் சுட்டிக்காட்டினார். மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் அன்றே தீர்ந்துவிடவில்லை. மெல்லிய குரல்கள் இன்னும் அவருக்கு எட்டுவதில்லை. ஆயினும் செபமாலைக்கு நாற்காலி உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகளும் நிறுத்திச் சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெத்தையும் திரையும் அறைக்குள் தெளிவைத் தருமேயன்றி, ஒலி அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுப்பதில்லை. அதைத் தடுப்பது கனமான சுவரும் இடுக்கில்லாக் கதவுமே. சபீனின் திறந்த சாளரம் நமக்கு விடுதலை. எதிர்வீட்டாருக்கு அதுவே தொல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. சொல் தெளிவாகக் கேட்கும் கூடத்தில் ஒலியளவைக் குறைக்கலாம் என்பதால், அறையைத் திருத்துவது அயலார்க்குச் செய்யும் அன்புமாகும்.

ஆலயங்களுக்கும் இது பொருந்தும். உயர்ந்த கூரையும் நீண்ட முழக்கமும் இலத்தீன் பாடல்களுக்கு அழகு சேர்த்தன. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்களின் மொழிக்கு இடம் தந்தபின், ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டிய தேவை எழுந்தது. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டுவதையே பல இடங்களில் தீர்வாகக் கொண்டோம். வாசிப்பவர் நிறுத்தி வாசித்தாலே பாதிக் குறை தீரும்.

பெளர்ணமி இரவுகளில் இவ்வூரில் பதினான்கு கிலோமீட்டர் மலைச்சுற்றில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். தெருவெங்கும் ஒலி. அதே மலையின் குகைகளில், 1950-களின் தொடக்கத்தில், அபிஷிக்தானந்தர் எனும் பெயர் பூண்ட பிரெஞ்சு நாட்டுத் துறவி ஹென்றி லெ சோ மௌனத்தைத் தேடித் தங்கியிருந்தார். ஒலி சூழ்ந்த ஊரில் மௌனத்துக்கும் இடம் இருந்தது. எலியா இறைவாக்கினர் மலையில் காத்திருந்தபோது, காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவர் இருக்கவில்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியைக் கேட்டே அவர் முகத்தை மூடிக்கொண்டார். மெல்லியதைக் கேட்க, சுற்றுமுற்றும் அடங்கியிருக்க வேண்டும்.

இன்று மாலை உங்கள் கூடத்தின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஒலி உடனே அடங்கினால் நன்று. படபடத்துத் திரும்பினால், புதுப்பெட்டிக்குக் காசு சேர்க்குமுன் ஒரு திரையும் ஒரு விரிப்பும் போடுங்கள். பரணில் கிடக்கும் புத்தகங்களை இறக்குங்கள். பிறகு வீட்டில் மூத்தவர் யாரோ, அவரை நடுவில் அமர்த்தி, என்ன கேட்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.