தலையெழுத்து

கலியாணக் கணக்குகளைப் போட்டுவைக்க நம் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. சென்ற ஆறு மாதமாக அதில் கலியாணச் சமாசாரம் ஒன்றுமில்லை. எல்லாம் ஆறு வயதுக் குழந்தை ஒருத்தியைப் பற்றிய காகிதங்கள். நம் தம்பியின் மகள். தம்பியும் அவன் மனைவியும் ஒரே விபத்தில் மறைந்த பிறகு, தச்சநல்லூரில் நம்மிடந்தான் வளர்ந்து வருகிறாள். நமக்கோ வயது அறுபத்தெட்டு. நெஞ்சுவலி இருமுறை வந்து எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறது. கனடாவிலிருக்கும் நம் தங்கைக்குப் பிள்ளையில்லை. "அண்ணாச்சி! அவளை எனக்குத் தந்துவிடுங்கள்" என்றாள். தந்துவிடுவது என்று தீர்மானித்தோம். அதன் பிறகுதான் காகிதம் ஆரம்பமாயிற்று.

முன்காலத்தில் இந்தக் காரியம் எவ்வளவு சுலபம்! பந்துக்கள் கூடியிருக்கப் பெற்றவர் கொடுப்பார், மற்றவர் வாங்கிக்கொள்வார், குழந்தை மஞ்சள் நீர் குடித்தால் முடிந்தது. சுலபம் என்றோமே, அதையும் சற்று யோசித்தே சொல்ல வேண்டும். ஜான்ஸி ராஜா கங்காதர ராவ், 1853-ஆம் ஆண்டில் மரணத் தறுவாயில், வெள்ளைக்கார அதிகாரியைச் சாட்சி வைத்துக்கொண்டுதான் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார், கடிதமும் கொடுத்தார். டல்ஹௌஸி பிரபு அதை ஒப்புக்கொள்ளாமல் ராஜ்யத்தையே விழுங்கிவிட்டார். பிறகு லக்ஷ்மிபாய் என்ன செய்தாள் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

நம் விஷயத்தில் ராஜ்யம் ஒன்றும் போகாது. ஆயினும் குழந்தை கடல் கடக்கிறாள். அயல்நாட்டுக்குப் பிள்ளை கொடுப்பது சில இடங்களில் வியாபாரமாகவே நடந்த காலம் உண்டு. லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வக்கீல் எழுதிய கடிதத்தின் பேரில், 1984-இல் சுப்ரீம் கோர்ட் இதற்கு விதிகள் வகுத்தது. 1993-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 2003-இல் இந்தியா அதை ஏற்றது. டில்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் தடையில்லாச் சான்று தராமல் இப்போது குழந்தை விமானம் ஏற முடியாது. "இத்தனை காகிதமா?" என்று சீறிக்கொண்டிருந்த நாம், இந்த வரலாற்றைப் படித்த அன்று வாயை மூடிக்கொண்டோம்.

தங்கையின் வீடு, வருமானம், தேக சௌக்கியம் எல்லாவற்றையும் விசாரித்து அங்கே ஓர் அறிக்கை எழுதினார்கள். இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து நம் குடும்ப நிலைமையை எழுதிக்கொண்டார்கள். பெற்றோர் இல்லாததால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். கடைசியில் உத்தரவு போடுகிறவர் ஜில்லா கலெக்டர். முன்பு கோர்ட்டுக்கு இருந்த அந்த அதிகாரத்தை 2021-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அவரிடம் மாற்றியது. கலெக்டர் கச்சேரி கொக்கிரகுளத்தில். சுலோசன முதலியார் பாலத்தை இதற்குள் எத்தனை தடவை தாண்டினோம் என்பதைத் தாமிரபரணிதான் சொல்ல வேண்டும்.

பெயர் விவகாரம் தனி. "குடும்பப் பெயர் என்ன?" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? ஜனனச் சான்றிதழில் தகப்பனாரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. ஆதார் அட்டையில் பின்னால் நிற்கிறது. பாரமோ அந்த எழுத்துக்கு முழுப் பெயரை எழுதச் சொல்கிறது. மூன்று பேரும் ஒரே குழந்தைதான் என்று முத்திரைத்தாளில் பிரமாணம் எழுதிக் கொடுத்தோம்.

இனிஷியலைத் தலையெழுத்து என்றே சொல்லிவிடலாம். உத்தரவு ஆனதும் புதிய ஜனனச் சான்றிதழ் வரும். பெற்றோர் என்ற இடத்தில் தங்கையும் அவள் கணவரும் இருப்பார்கள். குழந்தையின் முன்னெழுத்து மாறிவிடும். நம் தம்பியின் எழுத்து அது. நாலு வயதில் அவன் கையைப் பிடித்துச் சிலேட்டில் நாம் எழுதப் பழக்கியது. மூன்று நாள் அந்தப் பாரத்தை நிரப்பாமல் வைத்திருந்தோம். நம் மனையாள் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மட்டும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஐந்து வயது நிரம்பிய குழந்தையானால் அதன் சம்மதமும் வேண்டும் என்பது விதி. அதை எழுதிய மகானுபாவர் யாரோ, அவர் நன்றாயிருக்க வேண்டும். அதிகாரிகள் கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டோம்.

"அத்தையோடு போய் இருக்கிறாயா, அம்மா?"

"அத்தையை அம்மா என்று கூப்பிட வேண்டுமா?"

"உன் இஷ்டம்."

"அப்பா அம்மா படத்தைக் கொண்டுபோகலாமா?"

"கொண்டுபோகலாம்."

"அப்போ சரி, பெரியப்பா."

சம்மதப் பத்திரத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள். பழைய முன்னெழுத்தையும் விடாமல் எழுதினாள். அதிகாரி பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இன்றைக்கு அதுதானே பெயர்" என்றார்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் இருக்கும் முன்பல் இப்போது குழந்தையிடம் இல்லை. நாளைக் காலையில் ஜங்ஷனுக்குப் போய் வேறு படம் எடுக்க வேண்டும்.