சுவரை மூடும் சனிக்கிழமை

"சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. கீழ ஆணி கிடக்குது."

ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். வாசலில் இப்படி ஒரு வரவேற்பு இதுதான் முதல். சப்பாத்தோடு சாமிப்படத்தையும் குசினியையும் கடந்து போகக் கூச்சமாக இருந்தது. நிலத்தில் காட்போட் மட்டை விரித்து வழி போட்டிருந்தார்கள். அதன்மேல் நடந்து பதின்மூன்று படி இறங்கினால் பேஸ்மென்ற். வாடகை விளம்பரங்களில் 'நிலவறை' என்று போடுவார்கள். வாயால் அப்படிச் சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வீட்டுக்காரர் என் பழைய சிநேகிதர். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறார். ஒரு வருடத்துக்கு மேலாகச் சனி ஞாயிறுகளில் தன் பேஸ்மென்றைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு படுக்கையறை, ஒரு வொஷ்ரூம், ஒரு சின்ன ஹோல். மகனுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. இன்றைய விலையில் அவனால் வீடு வாங்க முடியாது. "சுவர் மூடப் போறம், வந்து பாரும்" என்றார். பார்க்கத்தான் போனேன். அரை மணித்தியாலத்தில் என் கையில் ஒரு ஸ்க்ரூப் பெட்டியைத் தந்துவிட்டார்கள்.

அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, இந்த ஏற்பாட்டில் முழுச் சம்மதம் இல்லை. "நாங்கள் பேஸ்மென்ற்றில கிடந்தது காணாதோ? பிள்ளையையும் அங்கயே இறக்கிறதோ?" என்று மேலிருந்தே கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. 1991 மாரியில் சிநேகிதரும் நானும் இன்னும் நாலு பெடியளும் ஒரே பேஸ்மென்ற்றில் இருந்தோம். மேலே வீட்டுக்காரரின் பிள்ளை ஓடினால் எங்கள் சோற்றில் தூசி விழும். ஜன்னல் கூரையை ஒட்டி, சூட்கேஸ் அளவில் ஒன்று. பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பகலா இரவா என்று அறிய வேண்டும்.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நிலவறை இருப்பதற்குக் காரணம் குளிர். மாரியில் நிலம் உறைந்து பொங்கும். ரொறன்ரோப் பக்கம் அந்த உறைவு எட்டாத ஆழத்தில் அத்திவாரம் நிற்க வேண்டுமென்பதால் 1.2 மீற்றராவது தோண்டுகிறார்கள். அவ்வளவு தோண்டியவன் இன்னும் ஒரு மீற்றர் தோண்டினால் ஒரு மாடியே கிடைத்துவிடும். ஆனால் கிடைப்பது மண்ணுக்குள் இறக்கிய ஒரு கொங்கிறீற் தொட்டி. அதற்குள் மனிதர் படுப்பதென்றால் முதற்பிரச்சினை தண்ணீர்.

சிநேகிதர் முதல் ஆறு மாதம் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டுகளை நிலத்திலும் சுவரிலும் ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் கொங்கிறீற்றுக்குள்ளிருந்து வருகிறது. வடக்குச் சுவரில் வியர்த்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், பீலித் தண்ணீர் நேரே சுவரடியில் விழுந்துகொண்டிருக்கிறது. குழாயை நீட்டி ஆறடிக்கு அப்பால் விட்டார்; சுவரோரம் மண் போட்டு வெளிப்பக்கமாகச் சரித்தார். பிறகு ஒரு மாரியும், பனி உருகும் சித்திரை மாதமும் முழுதாகப் போகட்டும் என்று பேசாமல் இருந்தார். "தண்ணிய வெளியிலதான் மறிக்கலாம். உள்ளுக்க வந்தாப்பிறகு அதோட கதைச்சு வேலையில்லை."

பட்டபிறகு எனக்கு விளங்கிய விஷயம் இது. 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. அப்போது என் வீடு மிசிசாகாவில். சாக்கடை நிரம்பி, பேஸ்மென்ற் நிலத்துத் துவாரத்தால் மேலே வந்துவிட்டது. கல்யாண அல்பம் இரண்டு போயிற்று. வடிந்த பிறகு சுவரைப் பிளந்தபோதுதான் மற்றதைக் கண்டேன்: ட்ரைவோல் பலகையின் முதுகு இடுப்பளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். அது ஒரு நாள் வெள்ளத்தில் வருகிற பூஞ்சணம் இல்லை. கட்டித் தந்தவர் பஞ்சு இன்சுலேஷனைக் கொங்கிறீற்றோடு ஒட்ட வைத்து, பலகையை நிலத்தில் முட்ட இறக்கியிருந்தார். பலகை நிலத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். வீட்டின் சூடான காற்று பஞ்சுக்குள் நுழைந்து, குளிர்ந்த கொங்கிறீற்றில் பட்டு, ஃபிரிட்ஜால் எடுத்த போத்தல் மாதிரி வியர்த்திருக்கிறது. மாரிக்கு மாரி. அதன் முன்னால் கதிரை போட்டுத்தான் நான் கிரிக்கெட் பார்த்திருக்கிறேன்.

சிநேகிதர் வீட்டில் கொங்கிறீற்றோடு முதலில் இரண்டங்குல ஃபோம் பலகை. மூட்டெல்லாம் சிவப்பு டக் டேப். காற்று கொங்கிறீற்றைத் தொட வழியில்லை. அதற்கு முன்னால் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம். 'ரூ பை ஃபோர்' என்பார்கள். ரேப் பிடித்துப் பார்த்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரைதான் இருக்கும். அடிச்சட்டத்தின் கீழே ஈரம் ஏறாமல் மெல்லிய ஃபோம் நாடா.

தானே கட்டுகிறார் என்று சொன்னேன். உண்மையில் அன்று கீழே நாலு பேர் நின்றோம். ஊரில் வேலி அடைக்கிற நாள் நினைவுக்கு வந்தது: ஒருவர் கிடுகு பிடிக்க, ஒருவர் வரிச்சு மட்டை கட்ட, அந்தப் பக்கம் நிற்கிறவர் குத்தூசியை வாங்கித் திருப்பிக் குத்த, மத்தியானம் வீட்டுக்காரர் வீட்டில் சாப்பாடு. இங்கேயும் கூலி இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும்தான். எலெக்ட்ரீஷியன் தம்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வாயால் வேலை செய்தார். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தன் வீட்டு வயரிங்கைத் தானே செய்யலாம். மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, சுவரை மூடுமுன் அவர்களின் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வேண்டும். ஆகவே முன்பே வயரை இழுத்துக் காட்டி முடித்ததும், அன்று பிளக்குகளைப் பூட்டியதும் சிநேகிதர்தான். தம்பி பக்கத்தில் நின்று, "அண்ணை, அது கறுப்பு. வெள்ளையை மற்றப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் சிவப்புப் பிடி ரொபட்சன் ஸ்க்ரூட்ரைவர். சதுரத் தலைக்குள் கவ்விக்கொள்ளும். ஒற்றைக் கையால் ஸ்க்ரூவைத் தலைக்கு மேலே கொண்டுபோனாலும் கழன்று விழாது. 1909இல் காப்புரிமை பெற்ற கனடியச் சாமான். பக்கத்து மில்ரன் ஊரில்தான் செய்தார்கள். கனடாவுக்கு வந்து நான் மனமாரப் பாராட்டிய முதற்பொருள் இது.

ஜன்னலில் சிநேகிதர் கை வைக்கவில்லை. படுக்கையறை உள்ள நிலவறையில், தீ பிடித்தால் ஆள் ஏறி வெளியே போகக்கூடிய ஜன்னல் வேண்டும்: திறந்த வெளி 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமல். அதற்கு அத்திவாரச் சுவரையே அறுக்க வேண்டும். பெர்மிட் எடுத்து, அறுக்கிற ஆட்களைக் கூப்பிட்டு, காசு கொடுத்துச் செய்வித்திருந்தார். "வீடு தலையில இருக்கேக்க காலை வெட்டிப் பழகேலாது" என்றார். தானே செய்கிறவனுக்கு எதைச் செய்யக்கூடாது என்று தெரிவதே பாதி வேலை என்று எனக்குப் படுகிறது. யூடியூப் பார்த்துத் தூணைக் கழற்றினவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

மூடுமுன் ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் அளவுரேப்பை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்தார். எந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் பைப் போகிறது, எங்கே வயர் வளைகிறது என்று நாளைக்கு ஆணி அடிக்கப்போகும் மருமகளுக்குத் தெரிய வேண்டுமாம்.

பத்து மணிக்கு டேப்பர் அண்ணை வந்தார். இருபத்தைந்து வருடமாகப் பிறர் வீட்டுச் சுவர்களுக்கு 'மட்' என்கிற மூட்டுச் சாந்து பூசுகிறவர். வலது தோள்மூட்டு போய்விட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்கும்போது ஒரு கணம் நின்று, பிறகுதான் தூக்குகிறார். நாங்கள் பலகை அடித்துக்கொண்டு போகப் போக, விரல் நுனியால் ஸ்க்ரூத் தலைகளைத் தடவிக்கொண்டு பின்னால் வந்தார். தலை பலகைக்குள் மட்டாக அமுங்க வேண்டும், மேற்கடதாசி கிழியக்கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ எதையும் பிடிப்பதில்லை. நான் அடித்ததில் ஏழு கிழிந்திருந்தன. ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேறொன்று அடித்தார்.

பலகையின் நீட்டு ஓரங்கள் சரித்து மெலிந்திருக்கும். இரண்டு சேர்ந்தால் நடுவில் ஒரு பள்ளம் வரும். மட் சாந்தும் கடதாசி டேப்பும் அதற்குள் அடங்கிவிடும். கட்டை ஓரங்களில் அந்தச் சரிவு கிடையாது. அங்கே டேப் போட்டால் மேடுதான். அதை இல்லாமல் ஆக்க முடியாது. இரண்டு பக்கமும் அகலமாக இழுத்து இழுத்து, கண்ணுக்குப் பிடிபடாத சரிவாக ஆக்கலாம். ஆறங்குலக் கத்தியால் ஒரு பூச்சு, காய்ந்தபின் பத்தங்குலத்தால், மறுபடி காய்ந்தபின் பன்னிரண்டால். பூசும்போது கத்தியின் வெளிப்பக்க விளிம்பை மட்டும் அமத்துகிறார்; நடுவில் மட் தங்குகிறது, ஓரத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. சத்தம் அப்பத்துக்குத் தாச்சியைச் சுழற்றி மாவை வழிய விடும் சத்தம் போல இருந்தது. அவர் ஒரு மூட்டுக்கு எடுத்தது மூன்று இழுவை. நான் கேட்டு வாங்கிச் செய்த ஒரு மூட்டுக்கு இருபதுக்குக் குறையாது.

"கன தரம் தடவாதேங்கோ தம்பி. அதுக்குக் கோவம் வரும்."

பின்னேரம் தேத்தண்ணியோடு அக்கா முதன்முதலாகக் கீழே வந்தார். நேரே ஜன்னலடிக்குப் போனார். வெளியே மண்ணை அகழ்ந்து வளைத்திருந்த தகரக் கிடங்கையும், அதற்கு மேலே தெரிந்த மேப்பிள் மரத்தின் பாதியையும் பார்த்தார். கைப்பிடியைத் திருகித் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"இதால நான் ஏறுவனோ?"

"நீர் ஏன் ஏறுறீர்? பிள்ளையள் ஏறுவினம்" என்றார் சிநேகிதர்.

டேப்பர் அண்ணை அப்போது சுவரை ஒட்டி ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தார். ஒளி பக்கவாட்டில் படும்போது சுவரில் உள்ள பிழையெல்லாம் நிழலாக எழும்பும். அவர் மூட்டுகளில் முதற்பூச்சிலேயே நிழல் எழவில்லை. என்னுடையது மட்டும் வயல்வரம்பு போல நீளத்துக்குக் கிடந்தது.

"இது ஆற்ற வேலை?" என்றார் அக்கா.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"லைற்றை நூத்தா வடிவாத்தானே கிடக்குது?"

"நூத்தா எல்லாச் சுவரும் வடிவுதான் அக்கா" என்றபடி அண்ணை கத்தியை எடுத்து, நான் பூசியதை மேலிருந்து கீழ்வரை வழித்து வாளிக்குள் போட்டார். பிறகு வலது கையைத் தூக்கி, ஒரு கணம் நின்று, அந்த மூட்டை முதலிலிருந்து தொடங்கினார்.