இசபெல்லாவுக்குப் பிறகு

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வருஷக்கணக்கில் ஒரே சண்டை. 'சர்ச்' குழுவின் ஏமி தனியாகப் பாடியது சேர்த்தியா இல்லையா?

சர்ச் 1981இல் எங்கள் ஜொகூர் பாருவில் தொடங்கிய குழு. 1989இல் 'இசபெல்லா' வந்தபோது இருவருமே முடி வளர்த்திருக்கிறார்கள். 1992இல் நீள முடிக்காரர்களுக்கு டிவியில் தடை. தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் காலத்தில் ஏமியே முடியை இழந்தார். மறுநாள் அப்பாவும் வெட்டிக்கொண்டார். சித்தப்பா வெட்டவில்லை.

"அந்தக் கிட்டாருங்க இல்லாம அவன் பாதி ஆளுடா" என்பார் அப்பா.

"குரல் அவரோடதுதானே, அண்ணே? புரூஸ் டிக்கின்சன் 1993ல அயர்ன் மெய்டன விட்டுட்டுப் போனாரு. 'தி கெமிக்கல் வெட்டிங்' மாதிரி ஆல்பம் உள்ள இருந்தா வந்திருக்குமா?"

"1999ல திரும்பி வந்துட்டான்ல."

அதற்குமேல் சித்தப்பா பேசமாட்டார், தே ஓவைக் குடிப்பார். இருவரும் சேர்ந்து நடத்திய மோட்டார் பட்டறையை விட்டுச் சித்தப்பா சிங்கப்பூர் வேலைக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்கு ஏமியின் தனிப்பாடல்கள் பிடிக்கும். உச்சத்தில் கத்தி மறைந்துகொள்ள இடமில்லாதபோது அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. குழுவில் கேட்காத ஒலி அது. ஆனாலும் கச்சேரி என்றால் நானும் 'இசபெல்லா'வுக்குத்தான் காத்திருப்பேன். ரசிகர்கள் அநியாயக்காரர்கள்.

பட்டறைப் பலகையில் இன்னமும் இரண்டு பெயர்கள். போன வருஷம் புதுப் பெயின்ட் அடித்தபோதும் அப்பா இரண்டையும் எழுதச் சொன்னார்.