கடையின் பின்கட்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் தேடி வருகிறவர்களின் கண் முதலில் முன்கடையில்தான் நிற்கும். பித்தளைக் குத்துவிளக்கு, ஊறுகாய் ஜாடி, சட்டம் போட்ட ரவிவர்மா அச்சுப்படம், குமிழ் பதித்த கதவு, மங்குத் தட்டு என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். எதை எடுத்து விலை கேட்டாலும் பதில் அதன் வயசிலிருந்துதான் தொடங்கும். இந்தத் தொழிலை விளங்கிக்கொள்ள முன்கடை போதாது என்பது என் எண்ணம். கொல்லைப்பக்கம் தகரக் கொட்டகையில் தச்சர்களும் பாலிஷ்காரர்களும் குந்தியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். பழைய சாமானைக் கொண்டு குறைந்த செலவில் ஒரு வீட்டை அழகாக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அழகில் பெரும்பங்கைப் பொருளின் வயசு தருவதில்லை. இன்றைய சுவருக்கும் தரைக்கும் அதைப் பொருந்தவைக்கும் வேலையே தருகிறது. நாம் கொடுக்கும் விலையிலோ அந்த வேலைக்குத் தனியாக ஒரு வரி கிடையாது. செலவு குறைவு என்று நாம் மகிழ்வதில் ஒரு பகுதி அந்த விடுபட்ட வரியிலிருந்து வருகிறது.

சாமான் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையில் கட்டியவை. பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வரவு அறுந்தது. வீடுகள் நின்றன, வீட்டைப் பராமரிக்கும் பணம் நிற்கவில்லை. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு நழுவி உத்திரத்தில் தண்ணீர் இறங்கினால் யார் செலவழிப்பது என்பதே பெரிய பேச்சு. வீட்டை அப்படியே விற்க எல்லோருடைய கையெழுத்தும் ஒரே நேரத்தில் கிடைத்து, அதை வாங்கவும் ஒருவர் வர வேண்டும். பிரித்து மரமாக விற்றால் பணத்தைப் பங்கு போடுவது சுலபம். இதோடு கல்யாணச் சீரும் சேர்கிறது. பெண்ணுக்குக் கொடுத்த பாத்திரங்களைச் சாமான் பரப்பிக் காட்டிவிட்டு, டஜன் கணக்கில் அறையில் பூட்டிவைத்தது அந்தச் சமூகத்தின் வழக்கம். அதனால்தான் ஒரே மாதிரி எனாமல் தூக்கும் தட்டும் அடுக்கடுக்காக, சில சமயம் அடுப்பையே காணாமல், இந்தத் தெருவுக்கு வந்து சேர்கின்றன.

வந்த சாமானுக்கு வியாபாரி போடும் முதல் விலை கலையைப் பார்த்துப் போடுவதல்ல. பித்தளை என்றால் எடைக்கு, தேக்கு என்றால் கன அடிக்கு. உருக்குக்குப் போனால் என்ன கிடைக்கும், பலகையாக அறுத்தால் என்ன தேறும் என்பதே அடி விலை. மியன்மார் அரசு 2014 ஏப்ரலிலிருந்து தேக்கை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய பர்மா தேக்கின் மதிப்பு வெறும் மரமாகவே உயர்ந்து நிற்கிறது. ஆக, பொருள் கொட்டகைக்குள் நுழையும்போது அது மரமும் உலோகமும்தான். அதே பொருள் முன்கடைக்கு வரும்போது அலங்காரப் பொருளாகியிருக்கிறது. இந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருப்பது வாடகை, வியாபாரியின் கண், லாரிக் கூலி, தச்சரின் நாள்கள். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் பேரம் பேசும்போது வியாபாரி எடுத்துச் சொல்வார்.

ஒரு நிலையின் மேல்பலகையை எடுத்துக்கொள்வோம். நடுவில் கஜலட்சுமி, இரு பக்கமும் யானை, அதற்கப்பால் கொடிக்கருக்கு ஓடி ஓரத்தில் கிளியில் முடிகிறது. பழைய வீட்டில் அது ஆள் உயரத்துக்கு மேலே, அகலமான வாசலுக்கு மேல் இருந்தது. அண்ணாந்து பார்ப்பதற்காகச் செதுக்கியது. இன்றைய அடுக்குமாடி வீட்டில் தளமே பத்தடிக்குள் முடிந்துவிடுகிறது. முழுப் பலகையை மாட்டினால் கூடம் அதற்கு அடியில் ஒடுங்கிப்போகும். அறுக்காமல் தீராது. எங்கே அறுப்பது என்பதில்தான் தச்சரின் புத்தி இருக்கிறது. நடுவில் வெட்டினால் லட்சுமி போனாள். கொடியை நினைத்த இடத்தில் வெட்டினால் சுருள் பாதியில் நின்று, பார்க்கிறவர் கண்ணில் உடைந்த துண்டாகவே தெரியும். கை தேர்ந்தவர் கொடியைக் கையால் தடவிக்கொண்டே போய், ஒரு சுருள் முடிந்து அடுத்தது கிளம்பும் கணுவில் பென்சிலால் கோடு போடுகிறார். ஒரு சுருளும் கிளியும் சேர்ந்த ஓரத் துண்டு சின்ன அலமாரிக்கு முகப்பாகிறது. வாளை வைக்கும் முன் காந்தத்தை ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார்க்கிறார். உள்ளே துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு பழைய ஆணி போதும், வாளின் பல் போய்விடும். சன்னல் கதவைக் கண்ணாடிச் சட்டமாக்கும்போதும் இதே யோசனைதான். நடுப்பலகையைக் கழற்றிவிட்டு அந்தக் காடியிலேயே கண்ணாடியை உட்காரவைப்பவர், மழைக்காலத்தில் மரம் உப்பும் என்று நூலளவு இடம் விட்டுவைக்கிறார். அந்த நூலளவை விடாதவர் செய்த சட்டம் முதல் ஐப்பசியிலேயே கண்ணாடியைத் தெறிக்கவைக்கும்.

இதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும் இன்னொரு வேலை யார் கண்ணிலும் படுவதில்லை: பெயின்ட் எடுப்பது. கல்யாணத்துக்கு ஒரு தடவை, கிருகப்பிரவேசத்துக்கு ஒரு தடவை என்று பச்சையும் நீலமும் பிரவுனுமாக மேலுக்கு மேல் பூசிப் பூசி, செதுக்கிய இலை நரம்பெல்லாம் தூர்ந்து போயிருக்கும். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டால் சீக்கிரம் கழன்றுவிடும். ஆனால் காரம் பட்ட தேக்கு கறுத்துவிடும், பழைய பசையும் விட்டு மூட்டுகள் ஆடத் தொடங்கும். ஆகவே நல்ல பட்டறையில் தட்டையான பரப்பைச் சுரண்டியால் எடுக்கிறார்கள், அதன்பின் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சீவுகிறார்கள். இலை நரம்புக்குள் மெல்லிய உளி, பழைய டூத் பிரஷ், சில இடங்களில் ஊசி. கிளியின் ஒரு சிறகுக்கே அரை நாள் போகும். பிறகு உப்புத்தாள், ஓட்டைக்கு மக்கு, கடைசியாக ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தில் தோய்த்து வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றும் பாலிஷ். வாங்குகிறவர் ‘பழமையின் மினுமினுப்பு’ என்று மெச்சுவது பெரும்பாலும் போன வாரத்து அரக்கைத்தான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பாராட்டுதான் ஆள் மாறிப் போய்விடுகிறது.

கூலியைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் வந்தது. 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயின்டில் எவ்வளவு ஈயம் இருந்தாலும் கேட்பாரில்லை. பழைய கதவின் நிறமேறிய தூசியில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கொட்டகைகளிலோ அதை உலரவைத்துத்தான் சுரண்டுகிறார்கள். முகத்துக்குத் துண்டுதான் கவசம். சுரண்டிய கையோடு டீ குடிக்கிறார்கள். ஈரமாக்கிச் சுரண்டினால் தூசி பறக்காது, ஆனால் மரம் மறுபடி காய நாள் பிடிக்கும். நல்ல முகமூடிக்குக் காசு வேண்டும். இரண்டு செலவையும் தாங்கும் இடம் அந்த விலையில் இல்லை. ‘கைக்கு அடக்கமான விலை’ என்று நாம் சொல்வதன் ஒரு பங்கை அந்த மூச்சுக்குழல் செலுத்திக்கொண்டிருக்கிறது.

இப்படி வாங்குவதே பாரம்பரியத்தை அழிப்பதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வீடுகளின் தூணை வாங்கி வரவேற்பறையில் நிறுத்துவது திருட்டுக்குத் துணைபோவது என்பது அவர்கள் வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. முழுத் தூண், முழு நிலை, முழு மச்சுப்பலகை என்று பெரிய விலை கொடுத்து ரிசார்ட்டுக்காக வாங்குகிற கைதான் அடுத்த வீட்டைப் பிரிக்கக் காசு தருகிறது. ஆனால் வீட்டைப் பிரித்த பின் மிஞ்சும் ஒற்றைச் சன்னல் கதவு, கைப்பிடி போன மங்குத் தூக்கு, கால் உடைந்த பெட்டகம், ஓரம் உளுத்த உத்திரத்துண்டு ஆகியவற்றுக்காக யாரும் வீட்டை இடிக்க மாட்டார்கள். அவை விறகுக்கும் உருக்குக்கும் போகிறவை. நடுத்தர வருமானக்காரருக்குக் கட்டுப்படியாவதும் இவைதான். மிச்சத்தை வாங்குவதும் முழுசை வாங்குவதும் ஒரே பாவம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பைக்குத் தக்கபடி வாங்குவதும் மனசாட்சிக்குத் தக்கபடி வாங்குவதும் ஒன்றாகிவிடுகிற இடம் இது. வாழ்க்கையில் இப்படி அடிக்கடி அமைவதில்லை.

அறுத்து ஒட்டினால் அசல் கெட்டுவிடும் என்பது சேகரிப்பாளர்களின் குறை. அந்தக் கவலைக்குச் சட்டத்தின் துணையும் ஓரளவு உண்டு: நூறாண்டு தாண்டிய, கட்டடத்திலிருந்து எடுத்த பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. அதை வணிகமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. (‘இருநூறு வருஷத்துச் சாமான், பார்சல் போட்டு லண்டனுக்கே அனுப்பலாம்’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று வயசு பொய், இல்லையென்றால் அவர் தன்மேலேயே புகார் சொல்லிக்கொள்கிறார்.) சிறந்த வேலைப்பாடுள்ள முழு நிலையை அறுப்பது எனக்கும் ஒப்பவில்லை. அது அருங்காட்சியகத்துக்கோ இன்னும் நிற்கிற வேறொரு வாசலுக்கோ போக வேண்டும். ஆனால் பாதி கரையான் தின்ற பலகையில் காப்பாற்ற என்ன அசல் மிஞ்சியிருக்கிறது? வைரம் பாய்ந்த பகுதியை வைத்துக்கொண்டு மீதியை நீக்குவதே அங்கே பாதுகாப்பு. அசல் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பலகையைத் திருப்பிப் பார்க்கட்டும். பழைய மரத்தின் முதுகில் வாய்ச்சி கொத்திய ஒழுங்கற்ற பள்ளங்கள் இருக்கும். இயந்திர வாளின் நேர்க்கோடுகள் ஒரே இடைவெளியில் ஓடினால், முன்பக்கம் எவ்வளவு கறுப்பேறியிருந்தாலும் அது நேற்றைய மரமாக இருக்கலாம். அதையும் விலை ஒத்துவந்தால் வாங்கலாம், புதிது என்று தெரிந்து வாங்கினால் சரி.

கடைசி ஆட்சேபம் கணக்குக்காரர்களுடையது: கூலியையும் சேர்த்தால் பிளைவுட் அலமாரியே மலிவு. முதல் நாள் விலையில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பிளைவுட்டின் ஓரத்தில் தண்ணீர் ஏறி லேமினேட் உரிந்தால் எந்தத் தச்சரும் அதைச் செப்பனிட முன்வருவதில்லை, தூக்கிப்போடத்தான் சொல்வார். தேக்குச் சட்டத்தில் மூட்டு ஆடினால் மூங்கில் ஆணியைத் தட்டி இறுக்கலாம், கீறல் விழுந்தால் மறுபடி அரக்கு ஏற்றலாம், பிடிக்காமல் போனால் அதே தெருவில் திருப்பி விற்கலாம். எல்லாவற்றையும் பழையதாக வாங்கச் சொல்லவில்லை. சுவரில் நான்கைந்து மங்குத் தட்டு, ஒரு கண்ணாடிச் சட்டம், ஊஞ்சல் பலகையில் செய்த ஒரு மேசை இருந்தால் போதும், மீதி கூடம் வெறுமையாக இருப்பதே அவற்றுக்கு அழகு. சாமானை வாரி நிரப்பிய கூடம் கடையின் கிளைபோல் ஆகிவிடும்.

வாங்கும்போது பொருளுக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லக் கேட்கலாம். பேரத்தைப் பொருளின் மேல் நடத்திவிட்டுக் கூலியைத் தொடாமல் விடலாம். சில வியாபாரிகள் முறைப்பார்கள். சிலர் கொட்டகைப் பக்கம் பார்த்துத் தச்சரையே கூப்பிட்டு எத்தனை நாள் வேலை என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுவிட்டால் வாங்குகிறவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: சுவரின் அளவு, தளத்தின் உயரம், கூடத்தில் ஏசி இருக்கிறதா என்பதையெல்லாம் அவரிடமே நேராகச் சொல்லிவிடலாம். ஏசி அறையில் மரம் உலர்ந்து சுருங்கும் என்பதால் காடியை அதற்குத் தக்கபடி எடுத்துத் தர அவருக்குத் தெரியும்.