சரக்கு எங்கே நிற்கிறது?

திருப்பூருக்குப் போகிறவர்கள் ஒன்று பனியன் வாங்கப் போவார்கள். இல்லாவிட்டால் பனியன் விற்கப் போவார்கள். ஊரைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் மிகவும் சொற்பம். அந்தச் சொற்பத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்துகொண்டோம். கோயமுத்தூரில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, அவிநாசி, திருப்பூர் வழியாகச் சிவன்மலைக்குப் போய் முருகனைத் தரிசித்துவிட்டு, இருட்டுவதற்குள் காங்கேயம் சேருவது என்று திட்டம்.

வண்டியை ஓட்டியது என் அண்ணன். பக்கத்தில் அண்ணி. பின்னால் நான், அண்ணன் மகள், அவளுடைய இரண்டு வாண்டுகள். அண்ணன் மகள் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் ‘மெர்ச்சண்டைசர்’. கடல் கடந்த வியாபாரிக்கும் இங்கே இருக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்கிற உத்தியோகம் அது. மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் நின்று பழகியவர்களுக்கு இந்த வேலை சுலபமாக வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்!

அன்று அவளுக்கு லீவு கிடைத்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். குழந்தைகள் உடுப்புக்காக ஜெர்மனிக்காரர் ஒருவர் கொடுத்த ஆர்டர். துணியில் அச்சடித்த மாதிரியை அவருக்குப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவர் “சரி” என்று எழுத வேண்டும். நாலு மணிக்குள் அந்தச் “சரி” வராவிட்டால், அச்சு மிஷின் வேறொருவர் வேலைக்குப் போய்விடும். அப்புறம் மறுநாள் தையல் மேஜைகளுக்குத் துணி வராது. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் வெறும் கையோடு வீடு திரும்ப வேண்டும்.

“வண்டியில்தான் வைஃபை இருக்கிறதே அத்தை, போகிற வழியிலேயே அனுப்பிவிடலாம்” என்றாள்.

கூரை மேல் ஒரு துடுப்பு

அண்ணனுடைய வண்டியின் கூரையில், சுறா மீனின் முதுகில் இருப்பதுபோல ஒரு சின்னத் துடுப்பு இருக்கிறது. அலங்காரம் என்றுதான் வெகு நாளாக நினைத்திருந்தேன். அதுதான் ஆன்டெனாவாம். நம் போனில் இருப்பதுபோலவே வண்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. துடுப்பு வெளியே இருக்கும் டவரோடு பேசுகிறது. உள்ளே இருக்கும் ஒரு சிறு கருவி, வந்ததை வைஃபையாக்கி எல்லாருடைய போனுக்கும் பரிமாறுகிறது. இதைத்தான் ஹாட்ஸ்பாட் என்கிறார்கள்.

நம் போனிலேயே இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் நாலு பக்கமும் இரும்புத் தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் போனுக்கு டவர் எட்டுவது கொஞ்சம் சிரமம். துடுப்போ கூரைக்கு வெளியே நிற்கிறது. அதோடு நம் போனின் பாட்டரியும் தீராது.

அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தங்கள் கார்களில் இந்த வசதியை 4ஜி வேகத்தில் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் சிம் பொருத்திய கார்கள் 2019-லிருந்து பரவலாக வந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிம் இருக்கிற வண்டியெல்லாம் பிரயாணிகளுக்கு வைஃபை கொடுப்பதில்லை. சிலவற்றில் அந்த சிம், வண்டி இருக்குமிடத்தைச் சொல்லவும் ஆபத்தில் உதவி கேட்கவும் மட்டுந்தான். வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

முதலையும் மூன்று வைஃபையும்

அவிநாசியில் கோபுரத்தைப் பார்த்ததும் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்த ஸ்தலம் அல்லவா? குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். “அத்தைப் பாட்டி, முதலை எங்கே?” என்று பெரியவன் ஜன்னல் வழியாகத் தேட ஆரம்பித்தான். சின்னவனோ டாப்லெட்டை நீட்டி, “அம்மா, வைஃபை பேர் வருது, படம் வரமாட்டேங்குது” என்று சிணுங்கினான்.

அவன் அம்மா வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். வண்டிக்குள் மூன்று விதமான வைஃபை இருக்கிறதாம். முதலாவது, வண்டி நமக்குக் கொடுப்பது. இரண்டாவது, வண்டி நம் போனிடமிருந்து வாங்கிக்கொள்வது. மூன்றாவது, போனில் இருக்கும் பாட்டையும் வரைபடத்தையும் கம்பியில்லாமல் வண்டியின் திரைக்குக் கொண்டுபோவதற்காக மட்டும் இருப்பது. அதில் இன்டர்நெட் வரவே வராது. ஆனால் அதன் பெயரும் பட்டியலில் தெரியும். சின்னவன் பிடித்திருந்தது அந்த மூன்றாவதை! சரியான பெயரைத் தேர்ந்தெடுத்து, திரையில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டதும் பொம்மைப் படம் ஓட ஆரம்பித்தது.

பல வீடு மாறும் பனியன்

நெடுஞ்சாலையை விட்டு அவிநாசி ரோட்டில் திரும்பினால் திருப்பூர் தன் வாசனையோடு வரவேற்கிறது. புதுத் துணியின் வாசனை! துணி உருளைகளை அடுக்கிய மினி வேன்கள் முன்னும் பின்னும் விரைகின்றன. “ஒரே கட்டடத்தில் பஞ்சு போட்டால் பனியன் வரும் என்றா நினைத்தீர்கள்?” என்றாள் அண்ணன் மகள். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், அச்சு ஓரிடம், வெட்டுவதும் தைப்பதும் வேறிடம், செக்கிங், அயர்னிங், பாக்கிங் என்று ஒரு பனியன் பிறப்பதற்குள் பல வீடு மாறிவிடுகிறது. காதர்பேட்டைக் கடைகளில் மலிவாகக் குவித்திருக்கும் பனியன்களுக்கும் இதே பிறப்புத்தான்.

ஸ்டேஷன் அருகே கொடி காத்த குமரனின் நினைவிடம். 1932 ஜனவரியில் தடியடி பட்டுத் தரையில் விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாத வாலிபன்! வணங்கிவிட்டு நொய்யல் பாலத்தைக் கடந்தோம். இந்த நதி சாயத் தண்ணீரால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் தொழில் நடத்தலாம் என்றாயிற்று. சாயம் நின்றதும் ஊரே நின்றதாம். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் நிற்கிற ஊர் இது.

“அதனால் இங்கே யாரும், ‘ஆர்டர் ஏன் தாமதம்?’ என்று கேட்பதில்லை அத்தை. ‘சரக்கு எங்கே நிற்கிறது?’ என்றுதான் கேட்போம்.”

அச்சுப் பட்டறையில் மாதிரித் துணியை வாங்கிக்கொண்டாள். மணி ஒன்று. சாப்பாட்டு வேளை. கம்பெனி வாசல்களில் நின்றவர்கள் கையிலெல்லாம் போன். திரையில் டவர் கோடுகள் நிறைய இருந்தும் வைஃபை எறும்பாக ஊர்ந்தது. ஒரே குழாயில் ஊரெல்லாம் குடம் வைத்தால் தண்ணீர் எப்படி வரும்? “இது பழுது இல்லை, கூட்டம். ஊர் தாண்டினால் சரியாகிவிடும்” என்றாள். அப்படியே ஆயிற்று.

காங்கேயம் ரோட்டில் சோதனை

குளிர்காலத்தில் ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பகல் ஒன்றரை. இரண்டே காலுக்கு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் துணியைப் படமும் வீடியோவும் எடுத்து, லாப்டாப்பில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்தாள். பாதி போயிற்று. அப்புறம் நகரவில்லை. இரண்டரை. இரண்டே முக்கால். அண்ணி சிவன்மலை முருகனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

“பதறாதே அம்மிணி” என்றார் அண்ணன்.

“பதறவில்லையப்பா. சரக்கு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன்.”

அவள் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன். முதலில் எங்கள் போன்களை வாங்கிப் பார்த்தாள். வைஃபையில் எதற்குமே இன்டர்நெட் இல்லை. ஆகவே கோளாறு லாப்டாப்பில் இல்லை. வைஃபை அடையாளம் முழுசாக இருந்தது. கீழே ‘இன்டர்நெட் இல்லை’ என்று எழுதியிருந்தது. ஆகவே வண்டிக்கும் போனுக்கும் நடுவே வழி திறந்துதான் இருக்கிறது; அதற்கு அப்பால்தான் அடைப்பு. வண்டியின் திரையில் டவர் கோடுகளும் நிறைய இருந்தன. ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டாள். எஞ்சினை நிறுத்தி, கதவைப் பூட்டி, ஐந்து நிமிஷம் வண்டியைத் தூங்கவிட்டு எழுப்பினாள். பல கோளாறுகள் இதிலேயே தீர்ந்துவிடுமாம். இது தீரவில்லை.

அப்போது அண்ணி, “வண்டியின் மேப் மட்டும் ஓடுகிறதே!” என்றாள்.

“அதுதானம்மா விஷயம்!” என்று மகள் துள்ளினாள். வண்டியின் சொந்த வேலைக்கு ஒரு கணக்கு. பிரயாணிகளின் ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு கணக்கு. முதல் கணக்கு உயிரோடு இருக்கிறது. இரண்டாவதில் டேட்டா தீர்ந்துவிட்டது!

யார் தின்றது? பொம்மைப் படம் கொஞ்சந்தான். வைஃபை என்று கண்டால், இது வீட்டு வைஃபை, தாராளமாகச் செலவழிக்கலாம் என்று போன்கள் நினைத்துக்கொள்கின்றன. என் போன், போன மாதத்துக் கல்யாணப் படங்களையெல்லாம் தானாகவே மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. டாப்லெட் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளை திரும்பி வந்தான்; போன் விழுங்கிய டேட்டாவை மீட்க யார் பதிகம் பாடுவது?

அண்ணன் போனில் ஒரே ஒரு டவர் கோடு. வீடியோ போக அது போதாது. பணம் கட்டப் போதும். ஹாட்ஸ்பாட் கணக்குக்கு ரீசார்ஜ் செய்தார். சில நிமிஷம் கழித்து வீடியோ மளமளவென்று போயிற்று. மணி மூன்று பத்து. மூன்றரைக்கு “சரி” வந்தது. உடனே பட்டறைக்குப் போன் செய்தாள். “மிஷினில் ஏற்றிவிடுங்கள் அண்ணா!” அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் எங்கள் எல்லார் போனிலும், இந்த வைஃபை அளவுக்கு உட்பட்டது என்று குறித்து, சிக்கனமாக நடக்கும்படி செய்துவிட்டாள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இதற்கு வழி இருக்கிறது. நீளப் பிரயாணம் கிளம்புமுன் நீங்களும் செய்துகொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில்

சிவன்மலையில் ஒரு விசேஷம் உண்டு. பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவன் சொன்ன பொருளை, உத்தரவுப் பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரையில் அது அங்கேயே இருக்கும்.

அடிவாரத்தில் எஞ்சினை நிறுத்தியதும் சற்று நேரத்தில் வைஃபையும் நின்றுவிட்டது. “ஓடவிடுங்கள் தாத்தா!” என்றான் சின்னவன். அண்ணன் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. வைஃபைக்காக எஞ்சினை ஓடவிட்டு, மூடிய ஷெட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ குழந்தைகளை உட்கார வைப்பது உயிருக்கே ஆபத்து. புகையில் நஞ்சு இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர் இந்தத் திரையை நோண்டவும் கூடாது. கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதை 2019-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் அபாயகரமாக ஓட்டுவதோடு சேர்த்திருக்கிறது. வண்டியை விற்கும்போது பழைய பாஸ்வேர்டையும் கணக்கையும் அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டை விற்கிறவர்கள் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்வதில்லையே!

தரிசனம் முடிந்து காங்கேயம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தேங்காய்ப் பருப்பு காயும் களங்களையும், திமில் உயர்ந்த காளைகளையும் குழந்தைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். இரவுச் சாப்பாட்டின்போதுதான் எனக்கு அந்தத் துணியின் ஞாபகம் வந்தது.

“இத்தனை பாடு படுத்தியதே, அதில் அப்படி என்னதான் அச்சடித்திருக்கிறது? காட்டேன்” என்றேன்.

கைப்பையைத் திறந்து மாதிரித் துணியை விரித்தாள். பச்சை நிறத்தில், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, வரிசை வரிசையாகக் குட்டி முதலைகள்!

“அத்தைப் பாட்டி! முதலை அம்மாவோட பையிலேயே இருந்திருக்கு!” என்று கூவினான் பெரியவன்.