மலேசியாவில் திறந்த மடை

தமிழ் ராப் என்றதும் இன்றைக்கு ஹிப்ஹாப் தமிழா, அறிவு என்று வரிசையாகப் பெயர் சொல்ல முடிகிறது. 2006-க்கு முன்னால் தமிழ்நாட்டு ரசிகர் பலருக்கும் தெரிந்த ராப் என்றால் 'காதலன்' (1994) படத்தின் பேட்டை ராப்தான். ரஹ்மான் இசை, பிரபுதேவா ஆட்டம். அட்டகாசமான பாட்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது படத்துக்கு நடுவே வந்து போகும் ஒரு கலாட்டா, அவ்வளவே. ராப்பை மட்டுமே நம்பித் தமிழில் ஒரு முழு ஆல்பம் போடலாம் என்று இங்கே பலருக்கும் புரியவைத்தது மலேசியாவிலிருந்து வந்த யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்'. (சிம்புவின் வல்லவனும் அதே 2006-ல்தான் வந்தது. இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது!)

யோகி பி அப்போது புதுமுகம் இல்லை. தொண்ணூறுகளிலேயே பொயட்டிக் அம்மோ என்ற குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ராப் பாடி மலேசியாவில் பெயர் வாங்கியவர். அவர்களுடைய முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. அடுத்த கட்டமாகத் தமிழுக்கு வந்தபோது அவருடன் சேர்ந்தவர்கள் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஊர் அது. கோடம்பாக்கத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்ததால்தான் சினிமாவைக் கேட்காமல் ஒரு தமிழ் ஆல்பம் போடும் தைரியம் வந்ததோ என்னவோ.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அந்த ஆல்பத்தைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்ததே ஒரு சினிமாப் பாட்டுதான்! பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து'. படத்தில் அதைப் பாடுவது, வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இசைக்கலைஞன். ஊர் பேர் தெரியாத மூன்று ராப் பாடகர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ள இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்குமா? பழைய மெட்டை அப்படியே ஓடவிட்டு, இடையிடையே தங்கள் வரிகளைக் கொட்டினார்கள். ரீமிக்ஸ் என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட இதற்குத் தலையாட்டினார்கள். மூலப்பாட்டைக் கிண்டல் செய்யாமல் அதற்குப் பக்கத்தில் நின்று பாடியதுதான் காரணம்.

நேரமும் நன்றாக அமைந்தது. படப்பையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில், நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அதே 2006-ல்தான். பாட்டு கேசட்டை விட்டு செல்போனுக்குக் குடிமாறிக்கொண்டிருந்த காலம். ஒரு பாட்டைப் பரப்ப ஹீரோவோ தியேட்டரோ தேவையில்லை, இரண்டு போனும் ஒரு ப்ளூடூத்தும் போதும்.

பரவுவது வேறு, பிழைப்பது வேறு. சினிமாப் பாட்டுக்குத் தயாரிப்பாளர் பணம் போடுகிறார், ஹீரோ ஆடுகிறார், படத்தின் விளம்பரமே பாட்டுக்கும் விளம்பரம். ஆல்பம் போடும் குழுவுக்கு ஸ்டுடியோ வாடகை முதல் வீடியோ வரை சொந்தச் செலவு. ப்ளூடூத்தில் போன பாட்டுக்குக் காசும் வராது.

ஆக, அடுத்த வருடமே யோகி பி சினிமாவில். 'பொல்லாதவன்' (2007) படத்தில் 'எங்கேயும் எப்போதும்'. அதுவும் எம்.எஸ்.வி.யின் பழைய பாட்டு, 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்தில் வந்தது. பிறகு 'ஆடுகளம்', 'விவேகம்' (2017), 'காலா' (2018). குரல் அதே கம்பீரம்தான். ஆனால் இந்தப் பாட்டுகள் இன்னொருவர் இசையில், இன்னொருவர் ஹீரோவுக்காக. முழு ஆல்பம் போட்ட மனிதரை விருந்தாளியாகக் கேட்பது கொஞ்சம் வருத்தம்தான். 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் போட்ட ஹிப்ஹாப் தமிழாவும் 2015-ல் 'ஆம்பள' மூலம் இதே பாதையில்தான் போனார்கள். அவர்கள் இசையமைப்பாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது மட்டும் வித்தியாசம்.

'மடை திறந்து' கேட்டிருப்பீர்கள். அதோடு நிறுத்தாமல் 'வல்லவன்' ஆல்பத்தை முதலிலிருந்து ஒருமுறை ஓடவிடுங்கள். ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது.