ஒரே வால்யூமில் குடியிருப்பவர்கள்

திங்கள்
இன்று இரவு முழு பேக்கப். “கிளஸ்டர் இருக்கும்போது பேக்கப் எதற்கு?” என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். எங்கள் ஹைப்பர்-வி கிளஸ்டரில் ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று அதில் ஓடிய விர்ச்சுவல் மெஷின்களை எழுப்பிக்கொள்ளும்; சற்று நேரத்தில் வேலை தொடரும். ஆனால் எல்லா சர்வர்களும் பார்ப்பது ஒரே வால்யூமை. அதில் ஒரு கோப்பு அழிந்தால் எல்லோருக்கும் அழிந்ததுதான்.

செவ்வாய்
புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 காலத்தைச் சொன்னேன். பேக்கப் தொடங்கியதும் வால்யூம் ஒரு சர்வரின் பொறுப்புக்குப் போகும். மற்ற சர்வர்களால் ஸ்டோரேஜை நேரே தொட முடியாது. நெட்வொர்க் வழியாகப் பொறுப்பிலுள்ள சர்வரிடம் கொடுத்துத்தான் எழுத வேண்டும். ஒரு மெஷினுக்கு பேக்கப் என்றால் அக்கம்பக்கத்து மெஷின்களும் தள்ளாடும். 2012 பதிப்பில் அந்த நேரடி வழி அடைபடாமல் பார்த்துக்கொண்டார்கள். இருந்தாலும் படிக்கும் சுமை அதே வட்டுகளின் மேல்தான். சம்பளப் பட்டியல் ஓடும் இரவில் அந்த வால்யூமைத் தொடக் கூடாது என்று அட்டவணையை மாற்றினேன்.

புதன்
விண்டோஸ் மெஷின்களில் ஸ்னாப்ஷாட்டுக்கு முன் வி.எஸ்.எஸ். என்ற விண்டோஸ் சேவை உள்ளே இருக்கும் டேட்டாபேஸுக்குத் தகவல் சொல்லும். அது நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுச் சற்று நிற்கும். லினக்ஸில் ஃபைல் சிஸ்டம் மட்டுமே நிற்கும். அங்குள்ள டேட்டாபேஸுக்குத் தனி ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன்.

வியாழன்
ஒரு மெஷினின் ஃபோல்டரில், வட்டின் மாற்றங்களைத் தனியே சேர்க்கும் ஏ.வி.எச்.டி.எக்ஸ். கோப்பு ஒன்று மிஞ்சியிருந்தது. பாதியில் நின்ற பேக்கப் விட்டுப்போனது. மெஷின் அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. கையால் அழித்தால் அதன் பிறகான டேட்டா எல்லாம் போய்விடும். விட்டுவைத்தால் வளர்ந்து வால்யூமை நிரப்பும். இடம் கேட்கும் மற்ற மெஷின்களும் நிற்கும். மூல வட்டுக் கோப்புடன் இணைக்க மெர்ஜ் கொடுத்துவிட்டு, முடியும்வரை அகலவில்லை.

வெள்ளி
கணக்குப் பிரிவு மெஷினைத் தனி நெட்வொர்க்கில் ரீஸ்டோர் செய்தோம், ஒரே ஐ.பி. முகவரியில் இரண்டு மெஷின்கள் மோதக் கூடாதே. திங்களன்று கேள்வி கேட்டவரையே அழைத்து, பேக்கப்புக்கு முன் கடைசியாக என்ட்ரி போட்ட பில்லைத் தேடச் சொன்னேன். இருந்தது. பேக்கப் சரியா என்று சொல்லவேண்டியவர் அந்த டேட்டாவை நம்பி வேலை செய்பவர்தான். இனி ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் ரீஸ்டோர் சோதனைக்கு வரவேண்டும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.